மைனஸ் முப்பதில் பசுமைக்குடில்: மின் இணைப்பு இல்லாமல் சோலாரிலேயே ஓட்ட முடியுமா?

வயல்வெளி (எட்மன்டன் பக்கம், அல்பெர்ட்டா, கனடா):

எல்லோருக்கும் வணக்கம். எட்மன்டனுக்கு வடமேற்கே ஒன்றரை மணி நேரம் வண்டி ஓட்டினால் வரும் ஊரில் கொஞ்சம் நிலம் வாங்கியிருக்கிறோம். மரம் இருக்கிறது, மான் வருகிறது, மின்கம்பம் மட்டும் இல்லை. ரோட்டிலிருந்து லைன் இழுக்க என்ன ஆகும் என்று விசாரித்தேன். சொன்ன தொகையைக் கேட்டபின் அந்தப் பேச்சையே விட்டுவிட்டேன். ஆக, எல்லாமே ஆஃப்-கிரிட்தான்.

முதல் வேலை பசுமைக்குடில். 12 அடிக்கு 20 அடி. நான்கு சுவரும் கூரையும் 8 மில்லிமீட்டர் இரட்டைச் சுவர் பாலிகார்பனேட் (ஒளி புகும் பிளாஸ்டிக் பலகை). 2 கிலோவாட் பேனல், 10 யூனிட் லித்தியம் பேட்டரி, ராத்திரிக்கு ஒரு சின்ன எலக்ட்ரிக் ஹீட்டர். வருடம் முழுக்கக் கறிவேப்பிலை, மிளகாய், கத்தரி, கீரை. ஜனவரியில் இங்கே மைனஸ் 30 சகஜம், சில இரவுகளில் மைனஸ் 40 வரைக்கும் போகும். திட்டம் எங்கே இடிக்கிறது என்று சொல்லுங்கள். பேனலுக்கு இன்னும் பணம் கட்டவில்லை.

தோட்டக்காரி (ஸ்காபரோ):

கறிவேப்பிலையை முதலில் பட்டியலிலிருந்து எடுங்கள் தம்பி. ராத்திரி 10 டிகிரிக்குக் கீழே போனாலே அது இலையைக் கொட்டிவிட்டுத் தூங்கப் போய்விடும். தொட்டியிலேயே வளருங்கள், செப்டம்பரில் வீட்டுக்குள் தெற்கு ஜன்னலோரம் கொண்டுவந்துவிடுங்கள், மே கடைசியில் வெளியே போகட்டும். ஒரு செடிக்காகக் குடில் முழுவதையும் சூடாக்குவது கட்டுப்படியாகாது. மற்றதை மின்கம்பி வந்து சொல்வார், கணக்கு என்றால் அவருக்குச் சர்க்கரைப் பொங்கல்.

மின்கம்பி (கல்கரி):

அழைத்ததற்கு நன்றி அக்கா :)

வயல்வெளி, பேனலுக்குப் பணம் கட்டாமல் இருந்தீர்களே, அதுவே பாதி வெற்றி. கணக்கைப் பாருங்கள்.

உங்கள் குடிலின் சுவரும் கூரையும் சேர்த்து ஏறக்குறைய 70 சதுர மீட்டர். 8 மில்லிமீட்டர் பாலிகார்பனேட், உள்ளுக்கும் வெளிக்கும் ஒரு டிகிரி வித்தியாசம் இருந்தால் சதுர மீட்டருக்குச் சுமார் 3.3 வாட் வெப்பத்தை வெளியே விடும். வெளியே மைனஸ் 30, உள்ளே 5 என்று வைத்தால் வித்தியாசம் 35 டிகிரி. மூன்றையும் பெருக்கினால் 8 கிலோவாட். ஒரு நொடியும் விடாமல் 8 கிலோவாட் ஓட வேண்டும், காற்றுக் கசிவை நான் இன்னும் சேர்க்கவே இல்லை. ராத்திரி 16 மணி நேரம் என்றால் 130 யூனிட்.

இப்போது வரவு. உங்கள் ஊரில் டிசம்பரில் 1 கிலோவாட் பேனல் நாளொன்றுக்கு ஒன்றரை, மிஞ்சினால் இரண்டு யூனிட் தரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2 கிலோவாட்டுக்கு 4 யூனிட். செலவு 130, வரவு 4. பேட்டரியை எவ்வளவு பெரிதாக்கினாலும் இந்த இடைவெளி அடைபடாது. பேட்டரி சேர்த்து வைக்கத்தான் செய்யும், உற்பத்தி செய்யாது.

அதனால் என் ஒரே வேண்டுகோள்: பேனல் மின்சாரத்தைச் சூடாக்குவதற்கு என்று நினைக்கவே வேண்டாம். அது விசிறிக்கும், சின்ன பம்புக்கும், விளக்குக்கும், சென்சாருக்கும். வெப்பம் நேராகத் தெற்குக் கண்ணாடி வழியே வரட்டும். பேனல் வெயிலில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் மின்சாரமாக்கும், நல்ல பாலிகார்பனேட் பாதிக்கு மேல் உள்ளே விட்டுவிடும். வந்த வெப்பத்தை வெளியே விடாமல் பிடித்து வைக்கத்தான் காசு போக வேண்டும்.

வயல்வெளி:

அண்ணா, படித்ததும் கொஞ்சம் தலை சுற்றியது. ஆனால் அமெரிக்காவில், நெப்ராஸ்காவில் ஒருவர் பனிக்காலத்தில் ஆரஞ்சு விளைவித்தாரே? வீடியோ எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அவர் குடிலில் கண்ணாடி நிறையத்தானே இருக்கிறது?

மின்கம்பி:

ரஸ் ஃபின்ச் என்ற ஓய்வுபெற்ற தபால்காரர் கட்டியது, அலயன்ஸ் என்ற ஊரில். அருமையான வேலை, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் இரண்டு விஷயத்தைப் பாருங்கள்.

ஒன்று, வெயில். அலயன்ஸ் 42 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. டிசம்பர் 21 நண்பகலில் அங்கே சூரியன் அடிவானத்துக்கு மேலே 24 டிகிரிக்குச் சற்று அதிகமாக நிற்கும். எட்மன்டனில் அதே நேரம் 13 டிகிரிதான். பகல் ஏழரை மணி நேரம். ஒரு பைன் மரம் தெற்கே நின்றால் போதும், உங்களுக்கு அன்றைக்கு வெயிலே இல்லை. இடம் குறிக்கும்போது மரத்தின் உயரத்தைப் போல நாலரை மடங்கு தூரம் தள்ளுங்கள்.

இரண்டு, மண். அவர் தரையை நாலடி தோண்டி இறக்கி, எட்டடி ஆழத்தில் குழாய் புதைத்து, உள்ளிருக்கும் காற்றையே அதில் சுற்றவிட்டார். ஆழத்து மண்ணின் வெப்பநிலை அந்த ஊரின் வருடச் சராசரியை ஒட்டித்தான் இருக்கும். அங்கே 11 டிகிரி கிடைக்கும். நம் பக்கம் 5, 6 டிகிரி. 6 டிகிரி மண்ணைக் கொண்டு குடிலை உறையாமல் காக்கலாம், ஆரஞ்சு பழுக்க வைக்க முடியாது. அதுவும் அவருடைய விசிறிக்குக் கரண்ட் கனெக்‌ஷன் இருக்கிறது.

கூட்டல்கழித்தல் (வின்னிபெக்):

இதெல்லாம் போகட்டும். கடையில் கலிபோர்னியா கீரை கட்டுக் கட்டாகக் கிடக்கிறது. குடிலுக்குப் போடும் பணத்தில் பத்து வருடத்துக்குக் கீரை வாங்கலாமே? பொழுதுபோக்கு என்றால் சொல்லுங்கள், வாயை மூடிக்கொள்கிறேன்.

வயல்வெளி:

பொழுதுபோக்குதான் :) வாயை மூட வேண்டாம், சந்தேகம் கேட்க ஆள் வேண்டும்.

லடாக்வாசி (வேலூர், முன்பு லே):

இழையை இப்போதுதான் பார்த்தேன். பணியில் இருந்தபோது சில வருடங்கள் லடாக்கின் லேயில் இருந்தவன். 3,500 மீட்டர் உயரம். குளிரில் மைனஸ் 20, அதற்கும் கீழே. சோஜி லா மலைக் கணவாய் பனியில் மூடிவிட்டால் காய்கறி விமானத்தில்தான் வரும், அதன் விலையைக் கேட்க வேண்டாம். அந்த ஊரில் ஜனவரியில் பச்சைக் கீரையும் கொத்தமல்லியும் முள்ளங்கியும் பறித்ததைப் பார்த்திருக்கிறேன். ஹீட்டர் கிடையாது, பேனல் கிடையாது, பேட்டரி கிடையாது.

கிராமத்துக் குடில் எப்படி இருக்கும் என்றால், கிழக்கு மேற்காக நீளம். வடக்கு, கிழக்கு, மேற்கு மூன்று பக்கமும் சுடாத மண் செங்கல் சுவர். அதிலும் இரட்டைச் சுவர் எழுப்பி நடுவில் வைக்கோலோ மரத்தூளோ அடைப்பார்கள். வடக்குச் சுவரின் உள்பக்கம் கறுப்பு அடித்திருக்கும், பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டு ராத்திரி திருப்பித் தரும். கூரையின் வடக்குப் பாதி பாப்லர் கம்பு, மேலே வைக்கோல், மேலே மண். தெற்குப் பக்கம் மட்டும் புற ஊதா தாங்கும் பாலித்தீன். ஜெரஸ் என்ற பிரெஞ்சுத் தொண்டு நிறுவனமும் உள்ளூர் அமைப்புகளும் சேர்ந்து இந்த வடிவத்தைச் செம்மைப்படுத்தி ஊர் ஊராகப் பரப்பினார்கள். 2009 ஆம் ஆண்டு, எரிசக்திப் பணிகளுக்கான ஆஷ்டன் விருதும் இதற்குக் கிடைத்தது. ராணுவ ஆராய்ச்சிக் கூடமான டிஹார் வேறு வழியில் போனது, மூன்றடிக் குழி வெட்டி மேலே பாலித்தீன் போடும் குழிக்குடில். மண்ணே சுவர்.

ஆனால் எல்லாவற்றையும்விட எனக்கு மனதில் நின்றது திரை. வெயில் மலைக்குப் பின்னால் இறங்கியதும் வீட்டுப் பெண்கள் குடிலுக்குள் போய், பாலித்தீனுக்கு உள்பக்கமாகக் கயிற்றில் கோத்த துணித் திரையை இழுத்து விடுவார்கள். காலையில் வெயில் ஏறியபின் சுருட்டுவார்கள். அதைச் செய்யாத வீட்டுக் குடிலில் விடியற்காலை கீரை கண்ணாடித் துண்டு மாதிரி விறைத்துக் கிடக்கும். ஒரு துணிதான் வித்தியாசம்.

அல்பெர்ட்டாவோடு ஒப்பிடும்போது ஒன்றை மறக்கக்கூடாது. லே 34 டிகிரி அட்சரேகை. டிசம்பரிலும் பகல் பத்து மணி நேரத்துக்குச் சற்றுத்தான் குறைவு, வருடத்தில் 300 நாள் வெயில். உங்களுக்குக் குளிரும் அதிகம், வெயிலும் குறைவு. அதனால் சுவர் இன்னும் கனமாக வேண்டும்.

மின்கம்பி:

அருமை ஐயா. இதை அப்படியே எண்ணில் போடுகிறேன்.

வயல்வெளி, அதே 12க்கு 20. தெற்கு முகம் மட்டும் ஒளி புகும்படி, சரிவாக 18 சதுர மீட்டர். அதற்கு 16 மில்லிமீட்டர் பல அடுக்கு பாலிகார்பனேட். மீதி எல்லாச் சுவரும் கூரையும் மரச்சட்டம் அடித்து உள்ளே நல்ல இன்சுலேஷன், ஆர் 30 அளவுக்கு (ஆர் என்பது வெப்பத்தைத் தடுக்கும் திறன், எண் கூடினால் நல்லது). அதே மைனஸ் 30, அதே 5 டிகிரி. இப்போது இழப்பு, காற்றுக் கசிவையும் சேர்த்தே, 2 கிலோவாட். ராத்திரி தெற்கு முகத்தில் ஆர் 10 திரை போட்டால் ஒரு கிலோவாட்டுக்குச் சற்றுக் கீழே. 16 மணி நேரத்துக்கு 15 யூனிட். 130 எங்கே, 15 எங்கே!

இந்த 15 யூனிட் எங்கிருந்து வரும்? தண்ணீரிலிருந்து. 200 லிட்டர் டிரம் ஒன்று 10 டிகிரி இறங்கும்போது 2.3 யூனிட் வெப்பம் தரும். வடக்குச் சுவரோரம் கறுப்பு டிரம் பத்து வைத்தால் 23 யூனிட். பகலில் அவை 15 டிகிரிக்கு ஏற வேண்டும், விடியலில் 5க்கு இறங்கலாம். தெளிவான நாளில் தெற்கு முகம் வழியே 30 யூனிட் உள்ளே வருவது கடினமில்லை, முன்னால் கிடக்கும் பனி வேறு முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரி வெயிலை உள்ளே தள்ளும்.

நான்கு நாள் தொடர்ந்து மேகம் மூடினால் இந்தக் கணக்கு நிற்காது. அதற்கு வேறு வழி வேண்டும்.

சின்னப்பு (மார்க்கம், ஒன்ராறியோ):

தம்பிமார் நல்லாக் கணக்குப் போடுறீர்கள். நானும் ஒன்று சொல்லுறன். பரல், அதுதான் உங்கட டிரம், தண்ணி உறைஞ்சால் என்ன செய்யிறது எண்டு எல்லாரும் பயப்பிடுகினம். உறையட்டும். இங்கத்தைப் பழைய வெள்ளைக்காரக் கமக்காரர் கிழங்கு வைக்கிற நிலவறைக்குள்ள ஒரு தொட்டி தண்ணி வைப்பினம். குளிர் கடுமையாக வந்தால் தண்ணிதான் முதல் உறையும், உறையும்போது வெப்பத்தை விடும், கிழங்கு தப்பும். மின்கம்பி, அதையும் ஒருக்காக் கணக்குப் பாரும். மேலே கொஞ்சம் இடம் விட்டுத் தண்ணி நிரப்பினால் பரல் வெடிக்காது.

அடுத்தது விறகு அடுப்பு. காட்டுக்குள்ள காணி வேண்டிப்போட்டு விறகு இல்லை எண்டு ஆராவது சொல்லுவினமே?

மின்கம்பி:

ஐயா, பார்த்தேன், கண் விரிந்தது. 200 லிட்டர் முழுக்க உறைந்தால் 18 யூனிட்டுக்கு மேல்! ஒரு டிரம் 10 டிகிரி இறங்கித் தருவதைவிட எட்டு மடங்கு. மேகமூட்டமான வாரத்துக்கு அதுதான் கடைசிக் காப்பு. கீரை சுழியத்தைத் தாங்கும், மிளகாய் தாங்காது. எதை நடுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

கூட்டல்கழித்தல்:

விறகு அடுப்பு என்றால் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து கட்டை போடப் போவது யார்? நிலத்தில் இன்னும் வீடே இல்லை என்று நினைக்கிறேன். ஒன்றரை மணி நேரம் ஓட்டிப் போய் அடுப்பு மூட்டுவாரா?

வயல்வெளி:

சரியான இடத்தில் கை வைத்துவிட்டீர்கள். இப்போதைக்கு வார இறுதியில்தான் போவோம். தானாக ஓடவேண்டும். புரொப்பேன் கேஸ் ஹீட்டர் எப்படி?

மின்கம்பி:

அவசரத்துக்கு அதைவிட நல்லது இல்லை. 20 பவுண்டு சிலிண்டர் ஒன்றில் 120 யூனிட் வெப்பம் இருக்கிறது. 12 வோல்ட் 100 ஆம்பியர் லித்தியம் பேட்டரி ஒன்றில் 1.3 யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு சிலிண்டருக்கு ஈடாகத் தொண்ணூறு பேட்டரி அடுக்க வேண்டும். மைனஸ் 40 வரும் சில இரவுக்காகப் பேட்டரி வாங்குவதைவிட சிலிண்டர் வாங்கிப் போடுங்கள்.

ஆனால் ஒன்று. புகைக்குழாய் வெளியே போகும் வகை ஹீட்டர்தான் வேண்டும். திறந்து எரியும் வகையை இறுக்கமாக அடைத்த குடிலில் வைத்தால் கார்பன் மோனாக்சைடு, கூடவே ஈரமும். உள்ளே நுழையும்போது உயிருக்கே ஆபத்து. கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று கதவுக்குப் பக்கத்தில் கட்டாயம்.

தோட்டக்காரி:

சிலிண்டரும் ஹீட்டரும் பேசுகிறீர்கள், செடிக்கு வெளிச்சம் வேண்டாமா? பகல் பத்து மணி நேரத்துக்குக் கீழே போனால் குடில் எவ்வளவு சூடாக இருந்தாலும் கீரை வளராது, சும்மா நிற்கும். எனக்கு இங்கே நவம்பர் முதல் வாரத்திலிருந்து பிப்ரவரி முதல் வாரம் வரை அப்படி. எட்மன்டனில் அக்டோபர் கடைசியிலிருந்து பிப்ரவரி நடுப்பகுதி வரை. கிட்டத்தட்ட நாலு மாதம்.

அதனால் வழி என்னவென்றால், அக்டோபருக்குள் செடி முக்கால் வளர்ச்சிக்கு வந்துவிட வேண்டும். அப்புறம் பாத்தியையே குளிர்சாதனப் பெட்டி மாதிரி வைத்துக்கொண்டு தேவைக்குப் பறிக்க வேண்டியதுதான். ஸ்பினாச், கேல் (முட்டைக்கோஸ் இனக் கீரை), வெங்காயத்தாள் இவை உறைந்து விறைத்தாலும் வெயில் ஏறியதும் நிமிர்ந்துவிடும். விறைத்திருக்கும்போது மட்டும் கையால் தொடாதீர்கள், தொட்ட இலை கறுத்துவிடும். கொத்தமல்லி லேசான உறைபனியைத் தாங்கும். வெந்தயம் அவ்வளவு தாங்காது. பாத்திக்கு மேல் வளைகம்பி குத்தி மெல்லிய வெள்ளைத் துணி ஒன்று போடுங்கள், குடிலுக்குள் இன்னொரு குடில். அதற்கு மின்சாரம் வேண்டாம்.

வயல்வெளி:

எல்இடி விளக்குப் போட்டால்?

மின்கம்பி:

ஒரு சதுர மீட்டர் பாத்திக்கு ஒழுங்காக வெளிச்சம் கொடுக்க 150, 200 வாட். எட்டு மணி நேரம் என்றால் ஒன்றரை யூனிட். நீங்கள் டிசம்பரில் 1 கிலோவாட் பேனலிலிருந்து எடுக்கும் மொத்தமே அவ்வளவுதான். ஒரு சதுர மீட்டருக்கு ஒரு கிலோவாட் பேனல். நாற்றுத் தட்டு ஒன்றுக்கு வேண்டுமானால் பிப்ரவரியில் போடலாம். பாத்திக்கு வேண்டாம்.

புதுவிருந்தாளி (ரெஜைனா):

குறுக்கே கேட்பதற்கு மன்னிக்கவும். சாணக் குவியல் சூட்டில் ஓட்ட முடியாதா? ஊரில் எருக்குழியில் கை வைத்தால் சுடுமே.

சின்னப்பு:

முடியும். குதிரை லாயத்துப் பசளை இரண்டடி உயரத்துக்குப் பாத்திக்கு அடியில போட்டால் ஆறேழு வாரம் சூடு நிக்கும். பழைய காலத்தில மாசி, பங்குனியில நாத்துப் போட அதைத்தான் செய்தவை. முழுக் குளிர்காலத்துக்கு எண்டால் லொறி லொறியாக வேணும், அள்ளிக் கொட்டி இடுப்பு முறிஞ்சு போகும்.

லடாக்வாசி:

திரையைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் கணக்கில் அதற்குத்தான் பாதிப் பலன் வருகிறது, கட்டும்போது அதைத்தான் கடைசியில் யோசிக்கிறார்கள்.

வெளியே போடுவதா உள்ளே போடுவதா? சீனாவில் வடக்கு மாகாணங்களில் வெளியே போடுகிறார்கள். ஒரு பக்கம் மண்சுவர், முன்னால் வளைந்த பிளாஸ்டிக், சாயங்காலம் வைக்கோல் பாயோ பஞ்சு மெத்தையோ மேலிருந்து உருண்டு இறங்கும், இப்போதெல்லாம் மோட்டார். அங்கே குளிர்காலம் வறண்டது, மெத்தை மேல் பனி அதிகம் நிற்காது. உங்கள் ஊரில் பனி விழுந்து, நண்பகலில் உருகி, ராத்திரி மெத்தையோடு ஒட்டி உறைந்தால் காலையில் எந்த மோட்டாரும் தூக்காது. அதனால் உள்ளே.

உள்ளே போடும்போது ஓரம்தான் முக்கியம். திரைக்கும் பாலிகார்பனேட்டுக்கும் நடுவில் இருக்கும் காற்று குளிர்ந்து கனமாகிக் கீழே இறங்கும். கீழ் விளிம்பில் ஒரு விரல் இடைவெளி இருந்தால் போதும், அந்தக் குளிர்காற்று பாத்தி மேல் வழியும், மேல் இடைவெளி வழியே உங்கள் சூடான காற்று உள்ளே போகும். ராத்திரி முழுக்க இந்தச் சுற்று ஓடிக்கொண்டே இருக்கும். திரை போட்டும் பலன் இல்லை என்று சொல்பவர்கள் வீட்டில் பெரும்பாலும் இதுதான் நடக்கிறது. கீழே மணல் நிரப்பிய துணிக்குழாய் ஒன்றைத் திரையோடு தைத்துத் தரையில் படியும்படி விடுங்கள். பக்கவாட்டில் மரச்சட்டத்தில் காடி வெட்டித் திரை அதற்குள் ஓடட்டும். திரைக்குப் பின்னால் பாலிகார்பனேட்டில் உறைபனி படியும், காலையில் உருகி ஒழுகும். அதற்குக் கீழே ஒரு சின்ன ஓடை வைத்துவிடுங்கள்.

வயல்வெளி:

ஐயா, இது தங்கம். திரையை இழுக்க நான் அங்கே இருக்க மாட்டேனே?

மின்கம்பி:

அங்கேதான் உங்கள் பேனல் வேலைக்கு வருகிறது! திரை சுருளும் குழாய்க்குள்ளேயே அடங்கும் சின்ன 12 வோல்ட் மோட்டார், வெளிச்சத்தைப் பார்த்து இயங்கும் ஒரு கண்ட்ரோலர். காலையில் ஒரு நிமிடம், சாயங்காலம் ஒரு நிமிடம். மின்சாரச் செலவு இல்லை என்றே சொல்லலாம்.

மொத்த மின் பட்டியல் இப்படி வரும். பகலில் உச்சியில் சேரும் சூடான காற்றை டிரம் பக்கமாகக் கீழே தள்ள 50 வாட் விசிறி. இதற்குப் பேட்டரியே வேண்டாம், தனியாக ஒரு சின்ன பேனலோடு நேராக இணைத்துவிடுங்கள். வெயில் அடித்தால் ஓடும், மறைந்தால் நிற்கும், அதுதான் நமக்கும் வேண்டும். ராத்திரி காற்று தேங்காமல் இருக்க ஒரு குட்டி விசிறி, திரை மோட்டார், சென்சார், விளக்கு எல்லாம் சேர்த்து நாளைக்கு அரை யூனிட்டைத் தாண்டாது. ஆக மொத்தம் 800 வாட் பேனல், 5 யூனிட் பேட்டரி தாராளம். பேனல் நீங்கள் முதலில் போட்டதில் பாதிகூட இல்லை, பேட்டரி சரிபாதி. மிச்சத்தை இன்சுலேஷனில் போடுங்கள்.

பேனலைப் படுக்கப் போடாதீர்கள். தெற்குப் பார்த்து 70 டிகிரி, இல்லாவிட்டால் சுவர் மாதிரி நேராகவே நிறுத்துங்கள். குளிர்காலச் சூரியன் தாழ்ந்து நிற்பதால் அதுதான் சரியான கோணம், பனியும் நிற்காது. ஏணி போட்டுப் பனி தள்ளும் வேலை மிச்சம்.

குளிர் ஊரில் இன்னொரு சிக்கல் உண்டு, பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவில் இருக்கும் சார்ஜ் கண்ட்ரோலரை நிறையப் பேர் பறிகொடுப்பது இதில்தான். குளிர ஏறினால் பேனலின் வோல்டேஜும் ஏறும். பெட்டியில் எழுதியிருப்பது 25 டிகிரியில் உள்ள அளவு. 49 வோல்ட் பேனல் இரண்டைத் தொடராக இணைத்தால் 98 வோல்ட், 100 வோல்ட் தாங்கும் கண்ட்ரோலர் போதுமே என்று தோன்றும். மைனஸ் 40 விடியலில், வெயில் பட்ட முதல் நிமிடத்தில் அது 115 வோல்ட் வரை போகும். கண்ட்ரோலர் காலி, வாரண்டியும் கிடையாது. 150 வோல்ட் வகையை வாங்குங்கள், அல்லது பக்க இணைப்பில் போடுங்கள்.

லித்தியம் பேட்டரியைச் சுழியத்துக்குக் கீழே சார்ஜ் செய்யக்கூடாது. அதிலிருந்து மின்சாரம் எடுக்கலாம், ஏற்றினால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து பேட்டரி பாழாகும். குளிரில் சார்ஜைத் தானே துண்டிக்கும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். குடிலின் வடக்குச் சுவரை ஒட்டி ஒரு சின்ன அறை அடித்து, உள்ளே இரண்டு அங்குல ஃபோம் பெட்டியில் வையுங்கள். குடிலுக்குள்ளேயே வைத்தால் ஈரத்தில் கனெக்‌ஷன் எல்லாம் பச்சை பூத்துவிடும். லெட் ஆசிட் மலிவுதான், ஆனால் மைனஸ் 20இல் பாதிக் கொள்ளளவுதான் நிற்கும், முழுக்க இறங்கிய நிலையில் விட்டால் உறைந்து வெடிக்கும்.

கூட்டல்கழித்தல்:

ஒத்துக்கொள்கிறேன், இப்போது எண்கள் பொருந்துகின்றன. ஆனால் குளிரைப் பற்றியே பேசுகிறீர்கள். இவ்வளவு இறுக்கி அடைத்த பெட்டி பிப்ரவரி வெயிலில் என்ன ஆகும்?

தோட்டக்காரி:

வெந்துபோகும்! என் பின்வீட்டுச் சின்னக் குடிலிலேயே வெளியே மைனஸ் 10, உள்ளே 38 பார்த்திருக்கிறேன். குளிர்காலக் குடில் கட்டுபவர்களை முதலில் ஏமாற்றுவது சூடுதான். உச்சியில் காற்றுக் கதவு கட்டாயம். மெழுகு சிலிண்டர் ஓப்பனர் என்று விற்கிறது, உள்ளே இருக்கும் மெழுகு சூட்டில் விரிந்து ஜன்னலைத் தள்ளும், ஆறினால் மூடும். கரண்ட் வேண்டாம். நல்ல சுருள்வில் வைத்ததாகப் பாருங்கள், காற்றில் படபடக்கும். ஈரம் தேங்கினால் சாம்பல் பூஞ்சை வந்து கீரையை அழுக வைக்கும், அதனால் குளிரிலும் நண்பகலில் கொஞ்ச நேரம் திறப்பது நல்லது. மண்ணை நனைப்பது காலையில் மட்டும், அதுவும் அளவாக.

வயல்வெளி:

சரி, திருத்திய திட்டம். 12க்கு 20. தெற்கு முகம் 65 டிகிரி சரிவு, 16 மில்லிமீட்டர். மற்றப் பக்கங்கள் 2×8 அங்குல மரச்சட்டம், உள்ளே ராக்வூல் (கல்லை உருக்கி இழையாக்கிய இன்சுலேஷன்). அடித்தளம் ஸ்க்ரூ பைல் (மண்ணில் திருகி இறக்கும் இரும்புத் தூண்), சுற்றி நாலடி ஆழத்துக்கு ஃபோம் பலகை. உள்திரை மோட்டாரோடு. டிரம் பத்து. 800 வாட், 5 யூனிட். புகைக்குழாய் வைத்த புரொப்பேன் ஹீட்டர், 2 டிகிரியில் தானாக எரியும்படி. டிசம்பர், ஜனவரியில் மிளகாய் ஆசை இல்லை. கறிவேப்பிலை வீட்டுக்குள். சுவருக்கு ராக்வூலா வைக்கோலா என்பதில் மட்டும் மனைவிக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை, வைக்கோல் மலிவு என்கிறாள்.

லடாக்வாசி:

ராக்வூல். லேயில் வைக்கோல் அடைத்த சுவருக்குள் எலி குடித்தனம் நடத்தும். குளிர்காலத்தில் ஊரிலேயே வெதுவெதுப்பான இடம் அதுதானே, அவை என்ன செய்யும்? உள்பக்கம் ஈரத் தடுப்புத் தாள் ஒட்டி, மூட்டெல்லாம் டேப் போட்டபின் பலகை அடியுங்கள். ஈரம் ராக்வூலுக்குள் புகுந்தால் அதன் ஆர் மதிப்பு போய்விடும். வடக்குச் சுவரின் வெளியே மண்ணை இடுப்பளவு அணைத்துவிட்டால் காற்றும் அடிக்காது. பலகை உளுத்துப் போகாமல் இருக்க நடுவில் ஃபோமும் நீர்த்தடுப்புத் தாளும்.

சின்னப்பு:

கட்டத் தொடங்க முதல் கவுண்டி (உள்ளூராட்சி) அலுவலகத்தில பெர்மிட் வேணுமோ எண்டு கேளும். கூரை தாங்க வேண்டிய பனிப் பாரக் கணக்கு அவையிட்டை இருக்கும். அதோட, பரல் பத்தும் தண்ணியோட இரண்டு தொன் வரும், கீழே சல்லிக்கல்லுப் போட்டு இறுக்கும்.

வயல்வெளி:

கேட்கிறேன் ஐயா. ஜூலையில் பைல் இறக்கினால் அக்டோபருக்குள் முடித்துவிடலாம் என்று நினைக்கிறேன். முதல் குளிர்காலத்துக்கு என்ன விதைக்கலாம்?

தோட்டக்காரி:

அக்டோபரில் முடித்தால் இந்தக் குளிர்காலத்துக்கு ஒன்றும் விதைக்க முடியாது. ஸ்பினாச் ஆகஸ்ட் முதல் இரண்டு வாரத்துக்குள், கேல் ஜூலையிலேயே விழுந்திருக்க வேண்டும். வேண்டுமானால் கேலை இப்போதே வெளியில் தொட்டியில் போட்டு வைத்து, குடில் எழும்பியதும் உள்ளே மாற்றுங்கள். இல்லாவிட்டால் முதல் குளிர்காலத்தைக் காலிக் குடிலாகவே ஓட்டுங்கள். உள்ளே ஒரு வெப்பமானி, வெளியே ஒன்று, டிரம் தண்ணீருக்குள் ஒன்று. வார இறுதியில் போகும்போது மூன்றையும் குறித்து இங்கே போடுங்கள், மின்கம்பிக்கும் வேலை கொடுத்த மாதிரி இருக்கும். பிப்ரவரி நடுவில் கொத்தமல்லியைத் தேய்த்து இரண்டாக்கி, ஒரு ராத்திரி ஊறவைத்து விதையுங்கள். முளைக்க மூன்று வாரம் ஆகும், கிளறிப் பார்க்காதீர்கள்.